வீட்டுக்கு எத்தனை மெகாபிட் போதும்?

இணைய இணைப்பு வாங்கப் போனால் முதலில் கைக்கு வருவது விலைப்பட்டியல். 30, 50, 100, 200, 300, 1000 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். கூடவே ரூபாயும் ஏறும். "நாலு பேர் இருக்கீங்க, டிவி வேற இருக்கு, 200-க்குக் கீழ வேணாம் சார்" என்பார் இணைப்புக் கொடுக்க வந்தவர். அவர் சொல்வது சரிதானா என்று பார்க்க ஒரு கூட்டல் கணக்கு போதும். ஆனால் அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படம் பாதியில் நின்று வட்டம் சுற்றினால், அடுத்த மாதம் பெரிய பிளானுக்கு மாறிவிடுகிறோம். மாறிய பிறகும் பல வீடுகளில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் அந்தக் கூட்டலைப் போடுவோம். கணக்குப்படி போதிய அளவு இருந்தும் இணையம் ஏன் இழுக்கிறது என்பதை அதன் பிறகு பார்ப்போம்.

எதற்கு எவ்வளவு?

தொடங்கும் முன் அளவை ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் வரும் 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். ஃபைலின் அளவைச் சொல்லும்போது நாம் எம்பி, ஜிபி என்பது மெகாபைட், கிகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். கம்ப்யூட்டர் 12 எம்பி என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. பேசியது முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. இனி இங்கே மெகாபிட் என்று வருவதெல்லாம் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற பொருளில்தான்.

பாட்டுக் கேட்க அரை மெகாபிட்கூட வேண்டாம். குரல் மட்டும் போகும் அழைப்புக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இருவர் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு மிகத் தெளிவான 1080 தரத்தில் ஓடினாலும், ஜூம் நிறுவனம் கேட்பது இரு திசையிலும் 4 மெகாபிட்டுக்குள்தான். நெட்ஃபிளிக்ஸ் 720 தரத்துக்கு 3, 1080 தரத்துக்கு 5, 4கே தரத்துக்கு 15 மெகாபிட் இருந்தால் போதும் என்கிறது. யூடியூப் 4கே-க்கு 20 கேட்கிறது. ஆன்லைன் விளையாட்டு இந்தப் பட்டியலில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தும். படத்தை உருவாக்கும் வேலையெல்லாம் விளையாடுபவரின் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. கம்பி வழியாகப் போவது யார் எங்கே நகர்ந்தார், எப்போது சுட்டார் என்ற தகவல் மட்டும். பெரும்பாலும் அது ஒரு மெகாபிட்டைத் தாண்டாது.

4கே படத்துக்கு 15 மெகாபிட் எப்படிப் போதும் என்று கேட்கலாம். ஒரு 4கே சட்டகத்தில் 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 24 சட்டகம் என்று அப்படியே அனுப்பினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 480 கோடி பிட் ஆகும். அதை முந்நூறில் ஒரு பங்காகச் சுருக்குவது வீடியோ சுருக்க முறை. அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களுக்கு இடையே பெரும்பகுதி மாறுவதில்லை. செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது, பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. மாறியதை மட்டும் அனுப்பி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டால் அளவு இப்படிக் குறைகிறது. 2003-ல் வந்த எச்.264 முறைக்கு வேண்டியதில் ஏறக்குறையப் பாதியை வைத்தே, 2013-ல் வந்த எச்இவிசி அதே தரத்தைத் தருகிறது. 2018-ல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனம். விற்கப்படும் வேகம் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரே தரமான படத்துக்கு வேண்டிய அளவு இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது கூட்டுவோம். இரவு ஒன்பது மணி. ஹாலில் 4கே டிவியில் படம்: 15. அறையில் ஒருவர் அலுவலக வீடியோ அழைப்பில்: 4. பாட்டி செல்போனில் விட்டுப்போன சீரியலை 1080 தரத்தில் பார்க்கிறார்: 5. மகள் குட்டி வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்: இன்னொரு 5. மகன் விளையாடுகிறான்: 1. மொத்தம் 30. இதன் மேல் பாதியைக் கூடுதலாக வைத்தாலும் 45. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தாலும் 50 மெகாபிட் போதும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 30-ஏ தாராளம்.

காகிதக் கணக்கு இருக்கட்டும், நிஜ வீடுகளில் என்ன நடக்கிறது? 2019-ல் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தன் செய்தியாளர்கள் 53 பேரின் வீட்டு இணைப்புகளை அளந்து பார்த்தது. ஒரே நேரத்தில் பல வீடியோக்கள் ஓடினாலும், காசு கொடுத்து வாங்கிய அளவில் சிறு பகுதியைத்தான் அந்த வீடுகள் பயன்படுத்தின. பெரிய பிளானுக்கு மாறியதால் படத்தின் தரத்தில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை.

டிவி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். 4கே டிவியின் பின்புறம் கேபிள் செருகும் துளை பெரும்பாலான மாடல்களில் இன்றும் 100 மெகாபிட் வகைதான். அதற்கு மேல் வேண்டியிருக்காது என்பதால்தான் அதிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

பெரிய எண் உதவும் இடம்

டவுன்லோடில் மட்டும் கணக்கு வேறு. படம் பார்க்கும்போது ஓடும் நேரத்துக்கு ஏற்ற அளவு வந்தால் போதும். அதற்கு மேல் வந்தாலும் உபயோகம் இல்லை. ஆனால் ஒரு பெரிய ஃபைல் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இன்றைய பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் சில 100 ஜிபி அளவுக்கு இருக்கின்றன. அதை இறக்க 50 மெகாபிட்டில் சுமார் நாலரை மணி நேரம், 100-ல் இரண்டேகால் மணி நேரம், 300-ல் முக்கால் மணி நேரம், 1000-ல் 13 நிமிடம் ஆகும். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வேலையை இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றால் இதற்காகப் பெரிய பிளான் தேவையில்லை. தினமும் பெரிய வீடியோ ஃபைல்களோடு மல்லுக்கட்டும் எடிட்டருக்குத் தேவை.

"அன்லிமிடெட்" பிளான்களின் அடிக்குறிப்பையும் இங்கேயே பார்த்துவிடலாம். மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்ற நிபந்தனை இந்தியாவில் பல பிளான்களில் இருக்கிறது. 15 மெகாபிட் ஓடும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜிபி எடுக்கும். தினமும் ஆறு மணி நேரம் பார்த்தாலும் மாதம் 1200 ஜிபி சொச்சம்தான். மறுபக்கம், 100 மெகாபிட் இணைப்பை முழு அளவில் இடைவிடாமல் ஓடவிட்டால் 3300 ஜிபி மூன்றே நாளில் தீர்ந்துவிடும். எந்த வீடும் அப்படி ஓட்டாது என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

முதல் பிட் எப்போது வரும்?

50 மெகாபிட் போதும் என்றால், 200 வாங்கிய வீட்டிலும் பக்கம் திறக்க ஏன் நேரமாகிறது? மெகாபிட் கணக்கில் வராத இன்னொரு அளவை இருக்கிறது. கேட்ட பிறகு முதல் பிட் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அது. இதைத் தாமதம் என்றும் பிங் என்றும் சொல்கிறார்கள். 9000 லிட்டர் தண்ணீர் லாரி வந்துவிட்டால் தொட்டி மடமடவென்று நிறைந்துவிடும். ஆனால் லாரி வந்து சேர மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீருக்கு மெலிதாக ஒழுகும் குழாயே மேல். வலைப்பக்கம் திறப்பது தம்ளர் வேலை, டவுன்லோடு தொட்டி வேலை.

2010-ல் கூகுள் பொறியாளர் மைக் பெல்ஷி இதை அளந்து காட்டினார். 1 மெகாபிட்டிலிருந்து 2-க்கு மாறினால் பக்கம் திறக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது. 5-லிருந்து 10-க்கு மாறியபோது முன்னேற்றம் 5 சதவீதம் அளவில்தான். அதற்கு மேல் போனால் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஆனால் தாமதத்தை ஒவ்வொரு 20 மில்லிநொடியாகக் குறைத்தபோது, ஒவ்வொரு முறையும் பக்கம் திறக்கும் நேரம் சீராக இறங்கிக்கொண்டே வந்தது.

இதற்குக் காரணம் தரவு கிளம்பும் விதம். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் முதலில் அதன் முகவரியைக் கேட்டு ஒரு நடை. பிறகு சர்வரோடு தொடர்பு ஏற்படுத்த ஒரு நடை. பாதுகாப்புப் பூட்டுக்கு இன்னொரு நடை. இவையெல்லாம் முடிந்த பிறகும் சர்வர் மொத்தத்தையும் ஒரேயடியாக அனுப்பாது. வழியில் எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. அதனால் முதலில் பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகளில் 10, அதாவது சுமார் 14 கிலோபைட் மட்டும் அனுப்பிப் பார்க்கிறது. பத்திரமாக வந்து சேர்ந்தது என்று பதில் வந்ததும் 20, அப்புறம் 40, அப்புறம் 80 என்று இரட்டிப்பாக்குகிறது. இந்த முறையில் 1 மெகாபைட் வந்து சேர ஏழு நடை ஆகும். ஒரு நடைக்கு 50 மில்லிநொடி என்றால் மொத்தம் 350 மில்லிநொடி. அதே 1 மெகாபைட்டை 100 மெகாபிட் இணைப்பு முழு அளவில் இறக்க வெறும் 80 மில்லிநொடி போதும். 300 மெகாபிட்டுக்கு 27. இணைப்பு முழு அளவை எட்டுவதற்குள் பக்கம் வந்து முடிந்துவிடுகிறது. ஆக, 100-ஐ 300 ஆக்கிக் கூடுதல் பணம் கொடுத்தாலும் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

இந்தத் தாமதத்துக்கு இயற்கை வைத்த எல்லை ஒன்று உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் திறக்கப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3200 கிலோமீட்டர். அதன் வழியே போய்த் திரும்ப 32 மில்லிநொடி ஆகும். அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் மேல். நேர்கோட்டில் போனாலே 130 மில்லிநொடி. கேபிள்கள் சுற்றிப் போவதால் 200-ஐத் தாண்டும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழி இணைப்பில் கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க ஏறக்குறைய அரை நொடி. எந்த பிளானும் இதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது தூரம் மட்டுமே. நெட்ஃபிளிக்ஸ், கூகுள் போன்றவை படங்களையும் வீடியோக்களையும் இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே தங்கள் பெட்டிகளை வைத்து முன்கூட்டியே நிரப்பிவிடுவது அதற்காகத்தான். சென்னையில் பார்க்கும் படம் பெரும்பாலும் சென்னையிலிருந்தே வருகிறது.

பெட்டிக்குள் தேங்கும் பாக்கெட்டுகள்

தூரத்தால் வரும் தாமதத்தைவிட எரிச்சலூட்டுவது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் தாமதம். 2010-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜிம் கெட்டிஸ் வீட்டிலிருந்து ஒரு பெரிய ஃபைலை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது வீட்டில் மற்ற எல்லாமே முடங்கின. வலையின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபி 1.1-ஐ எழுதியவர்களில் ஒருவர் அவர்; சும்மா விடுவாரா? அளந்து பார்த்தார். வழக்கமாகச் சில மில்லிநொடிகளில் வரவேண்டிய பதில் ஒரு நொடிக்கும் மேல் எடுத்தது. மோடத்துக்குள் இருக்கும் நினைவகத்தில் பாக்கெட்டுகள் மலைபோல் தேங்கியிருந்தன. நினைவகம் மலிவாகிவிட்டதால் தயாரிப்பாளர்கள் தாராளமாக வைத்துவிட்டார்கள். ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பாக்கெட் தொலைந்தால்தான் அனுப்பும் கம்ப்யூட்டர் 'நெரிசல், கொஞ்சம் குறை' என்று புரிந்துகொள்ளும். தொலையாமல் தேங்கிக்கொண்டே போனால் அது குறைக்காது. வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது வீடியோ அழைப்பின் பாக்கெட். கெட்டிஸ் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்.

நம் வீடுகளில் இது தினமும் நடக்கிறது. கல்யாணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் செல்போன் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும். அதே நேரம் பக்கத்து அறையில் நேர்காணலில் பேசிக்கொண்டிருப்பவரின் குரல் விட்டு விட்டுக் கேட்கும். உரையாடல் இயல்பாக இருக்க, குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

இதற்கு மருந்து உண்டு. 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று எண்ணாமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, அதிகமானால் ஒன்றைத் தூக்கிப்போட்டு அனுப்புபவரை எச்சரிக்கும் முறை அது. அதன் வழிவந்த முறைகள் இன்று சில ரவுட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் அமைப்புகளுக்குள் இருக்கின்றன. அது இல்லாவிட்டாலும், படங்களை ஏற்றும் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தால் பாதித் தொல்லை தீரும். பிளான் வாங்கும்போது அப்லோடு எவ்வளவு என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. பழைய டெலிபோன் கம்பி இணைப்புகளில் அப்லோடு மிகக் குறைவாக இருந்தது. ஃபைபரில் பல நிறுவனங்கள் இரு திசையிலும் ஒரே அளவு தருகின்றன, எல்லோரும் தருவதில்லை. வெளியூரிலிருந்து பார்க்க வாசலில் கேமரா மாட்டியிருப்பவர்களுக்கும், வீட்டிலிருந்து பாடம் நடத்துபவர்களுக்கும் இந்த எண்தான் முக்கியம்.

கடைசிப் பத்து மீட்டர்

தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் பழுதில்லாமல் இருக்கலாம். அதன் பிறகுதான் வைஃபை என்ற காற்றுவழிப் பயணம் தொடங்குகிறது. நம் வீடுகளில் ரவுட்டரை வைக்கும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் இணைப்புக் கொடுக்க வந்தவர். கேபிள் நுழையும் வாசல் பக்கம், டிவிக்குப் பின்னால் அல்லது ஷோகேஸுக்குள் அது உட்கார்ந்துவிடும். படிப்பதும் வேலை செய்வதும் வீட்டின் மறுகோடியில், இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களுக்கு அப்பால். இடையில் ஒரு இரும்பு பீரோ இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பும். மாடி என்றால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் குறுக்கே நிற்கும்.

வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அங்கே இடம் குறைவு. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், அளவும் அதிகம். சுவருக்குச் சுவர் வலுவிழக்கும் என்பதுதான் குறை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம் என்பது வைஃபையின் விதி. மற்றவை காத்திருக்க வேண்டும். தூரத்து அறையிலிருக்கும் பழைய செல்போன் மெதுவாகப் பேசும்; அது பேசி முடிக்கும்வரை பக்கத்திலிருக்கும் புதிய கருவியும் காத்திருக்கும். உள்ளறையில் 8 மெகாபிட் மட்டும் கிடைக்கும் வீட்டில் 100-ஐ 300 ஆக்கினாலும் அங்கே 8-தான் கிடைக்கும்.

இதைச் சரிசெய்ய மாதாமாதம் பணம் தேவையில்லை. ரவுட்டரை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு மேல் வைப்பது இலவசம். நகராத கருவிகளை, அதாவது டிவியையும் அலுவலகக் கம்ப்யூட்டரையும், கேபிளில் இணைத்துவிட்டால் காற்றில் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். கேபிள் போடும்போது எட்டு கம்பிகளும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். நான்கு மட்டும் இணைத்திருந்தால் எந்த பிளானாக இருந்தாலும் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். பெரிய வீடென்றால் உள்பக்கத்தில் இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றைக் கேபிள் வழியாக இணைப்பது ஒருமுறைச் செலவு.

தெருவோடு பங்கு

வீட்டுக்கு வரும் ஃபைபர் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்தியாவில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரே இழை வழியில் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. அந்த இழையின் மொத்த அளவு இறங்கும் திசையில் சுமார் 2500 மெகாபிட், ஏறும் திசையில் அதில் பாதி. 64 வீடுகளுக்கும் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 39 மெகாபிட்தான் வரும். ஆனாலும் அந்த 64 வீடுகளுக்கும் 200, 300 என்று விற்கிறார்கள்.

இது மோசடி இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர் எர்லாங் 1909-லேயே இதற்கு அடித்தளம் போட்டார். ஊரில் ஆயிரம் டெலிபோன் இருந்தால் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள். சராசரியாக எத்தனை பேர், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் எத்தனை இணைப்பு போதும் என்று நிகழ்தகவால் கணக்கிடலாம் என்று காட்டினார். இணையத்திலும் அப்படித்தான். வீட்டுக்கு உச்சத்தில் 30 மெகாபிட், அதுவும் எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் இல்லை என்பதால் 2500 போதுமானதாக இருக்கிறது. பிரச்சினை வருவது அதற்கு மேலே. பல தெருக்களைச் சேர்த்து வெளியே எடுத்துச்செல்லும் பாதையை நிறுவனம் சிக்கனமாக வாங்கியிருந்தால் இரவு ஒன்பது மணிக்கு அது நிறைந்துவிடும். நிறைந்துபோன பொதுப்பாதையில் 100 பிளானும் 300 பிளானும் ஏறக்குறைய ஒரே கதிதான்.

கோளாறு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு ஒரு முறை, லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். காலையில் முழுசாக வந்து இரவில் பாதியானால் குறை நிறுவனத்திடம். இரண்டு நேரமும் சரியாக இருந்து, உள்ளறையில் வைஃபையில் மட்டும் குறைந்தால் குறை வீட்டுக்குள். இரண்டு இடத்திலும் அளவு சரியாக இருந்தும் அழைப்பு மட்டும் இழுத்தால் தாமதத்தைப் பாருங்கள். ஃபாஸ்ட்.காம் போன்ற சோதனைத் தளங்கள் சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, முழுப் பளு ஏறும்போது எவ்வளவு என்று இரண்டையும் காட்டுகின்றன. முதல் எண் 10-ஆக இருந்து இரண்டாவது 300-ஆகப் பாய்ந்தால், கெட்டிஸ் கண்டுபிடித்த வியாதிதான் உங்கள் பெட்டிக்கும். இந்த மூன்றில் நிறுவனத்தின் பொதுப்பாதைக் குறையும் வைஃபைக் குறையும் பெரிய பிளானால் தீராது. மூன்றாவதும் கொஞ்சம் மறையும், போகாது.

அப்படியானால் பெரிய பிளான் யாருக்கு? தினமும் பத்து இருபது ஜிபி ஏற்றி இறக்கும் வீடியோ எடிட்டர்கள், பத்துப் பேர் சேர்ந்து தங்கும் விடுதிகள், படத்தையே தூரத்து சர்வரிலிருந்து வரவழைக்கும் கிளவுட் விளையாட்டுப் பிரியர்கள், காத்திருக்கப் பிடிக்காமல் அதற்கு விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள். மற்றவர்களுக்கு 50 மெகாபிட்டும், சமமான அப்லோடும், நல்ல இடத்தில் வைத்த ரவுட்டரும் போதும்.

ஒரு வீட்டின் செலவைத் தாண்டியும் இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று அழைக்கப்பட, 2004-ல் நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் போதும் என்று விதித்தார்கள். 2013-ல் அது 512 ஆனது. 2023-ல்தான் 2 மெகாபிட் ஆக்கப்பட்டது. அமெரிக்கா 2024-ல் இறங்க 100, ஏற 20 என்று வைத்துக்கொண்டது. முதல் 20, 30 மெகாபிட்டுக்குள்தான் வகுப்பு, மருத்துவர் ஆலோசனை, வேலைக்கான நேர்காணல், பட்டா நகல், பொழுதுபோக்கு எல்லாமே அடங்கிவிடுகின்றன. அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு நூறும் முந்தைய நூறைவிடக் குறைவாகவே உதவுகிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த ஊர்களின் முன்னேற்றத்தை உச்ச வேகத்தால் அளந்தால் விளம்பரப் பலகைக்குத்தான் உதவும். கடைசித் தெருவின் கடைசி வீட்டிலும் இரவு ஒன்பது மணிக்கு 20 மெகாபிட் குறையாமல் கிடைக்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.